சரக்கு கிளம்பும் முன் தகவல் கிளம்ப வேண்டும்: சப்ளை செயின் மென்பொருள் பற்றி பெங்களூரு சிறு தொழிற்கூடங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் பிரஸ், லேத், வெல்டிங் போட்டு நடத்தும் தமிழ் முதலாளிகளும், அவர்களிடம் ஸ்டோரும் டிஸ்பாட்சும் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். உற்பத்திக் கணக்குகள் விளக்கத்துக்காகப் போட்டவை. சட்டம் சம்பந்தப்பட்ட எண்கள் விதியில் உள்ளபடி.

சப்ளை செயின் சிஸ்டம்னா என்ன சார்? எங்ககிட்ட டேலி இருக்கு, அது போதாதா?

டேலி ஸ்டாக் பார்க்கும், பர்ச்சேஸ் ஆர்டர் (பிஓ) போடும், வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லும் எடுக்கும். நம்ம ஊர்க் கம்பெனிதான், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலான யூனிட்டுகளில் அது நடந்து முடிந்ததை எழுதிவைக்க மட்டுமே பயன்படுகிறது. சப்ளை செயினுக்கு வேண்டியது நடக்கப்போவது பற்றிய கணக்கு: கஸ்டமருக்கு அடுத்த வாரம் எத்தனை வேண்டும், கையில் எத்தனை, வழியில் எத்தனை, அது எந்த நாள் வந்து சேரும்.

சப்ளை செயின் சிஸ்டம் என்பது தனியாகக் கடையில் வாங்கும் ஒரு மென்பொருள் இல்லை. தகடு தருபவர், நீங்கள், பிளேட்டிங் எனும் முலாம் பூசுபவர், லாரிக்காரர், வாங்கும் கம்பெனி ஆகிய ஐந்து பேரின் கணக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. உங்கள் பக்கம் டேலி இருக்கலாம், ஜோஹோ இருக்கலாம், ஈஆர்பிநெக்ஸ்ட் இருக்கலாம். எந்தப் பெட்டி என்பதைவிட, அதற்குள் போகும் நம்பர் அடுத்தவர் பெட்டியில் இருக்கும் நம்பரோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

எக்செல்லயே பத்து வருஷமா ஓட்டறோம். மாத்தியே ஆகணுமா?

ஒரே ஆள் எழுதி, ஒரே ஆள் பார்க்கும் வரை அவசரமில்லை. ஸ்டோர்காரர் ஒரு பிரதி, டிஸ்பாட்ச்காரர் ஒரு பிரதி, முதலாளி செல்போனில் நேற்றைய பிரதி என்று பிரிந்த அன்றைக்கே அது செத்துவிட்டது. ஃபைல் பெயரில் 'ஃபைனல்' இரண்டு தடவை வந்தால் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லுக்கே உரிய ஆபத்தும் உண்டு. 00457 என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்று 457 ஆக்கும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக மாற்றும். பேலட் லேபிளில் வரும் 18 இலக்க எண் இப்படித்தான் கெடுகிறது. பார்ட் நம்பர், லேபிள் நம்பர் இருக்கும் பத்தியை, அடிப்பதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' என மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போனது திரும்பாது.

எங்க பார்ட் நம்பர் ஒண்ணு, கஸ்டமர் நம்பர் ஒண்ணு, பிளேட்டிங்காரர் வேற பேர்ல கூப்பிடறார். எதை வெச்சுக்கறது?

மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே அட்டவணையில். உங்கள் நம்பர்தான் தாய் நம்பர். அதன் பக்கத்தில் கஸ்டமர் நம்பர், அவருடைய டிராயிங் ரிவிஷன் எழுத்து, ஜாப் வொர்க்காரர் (உங்கள் சரக்கை வாங்கி வேலை மட்டும் செய்து தருபவர்) வைத்த பெயர், ஜிஎஸ்டிக்கான பொருள் குறியீடான ஹெச்எஸ்என், அளவை அலகு. ரிவிஷனைத் தனிப் பத்தியில் வையுங்கள். நம்பரோடு ஒட்டி எழுதினால், ரிவிஷன் மாறும்போது சிஸ்டத்துக்கு அது புதுப் பொருள். பழைய ஸ்டாக் ஒரு பக்கம், ஆர்டர் இன்னொரு பக்கம் என்று நிற்கும்.

'போல்ட் எம்8', 'எம்8 போல்ட்', 'எம்-8 போல்டு' என்று ஒரே பொருள் மூன்று பெயரில் இருப்பதுதான் எல்லா ஸ்டோரிலும் பார்க்கும் நோய். ஒன்று தீர்ந்துவிட்டதாகக் காட்டும், நீங்கள் வாங்குவீர்கள், மற்ற இரண்டும் அலமாரியில் துரு ஏறும்.

கிலோவுல வாங்கி எண்ணிக்கையில விக்கறோம். சிஸ்டம் குழம்புது, என்ன பண்றது?

குழம்புவது சிஸ்டம் இல்லை, மாற்று விகிதம் கொடுக்காததுதான். எம்8 நட் ஒன்று ஏறக்குறைய 5 கிராம், கிலோவுக்கு 200 பக்கம் நிற்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், வரும் பெட்டியில் 100 எண்ணி எடை போட்டு, அந்த விகிதத்தையே பதியுங்கள். விகிதம் இல்லாமல் 50 கிலோ பில்லை '50' என்று ஏற்றினால், கையில் பத்தாயிரம் நட் இருக்க, சிஸ்டம் ஐம்பதுதான் இருக்கிறது என்று சொல்லி ஆர்டர் போடச் சொல்லும்.

அண்ணா, ஏஎஸ்என் ஏஎஸ்என்னு கஸ்டமர் உயிரை எடுக்கறாங்க. வண்டி போனப்புறம் போட்டா என்ன ஆயிடும்?

ஏஎஸ்என் என்பது 'இந்த வண்டியில், இந்த பிஓவுக்கு, இந்த பார்ட், இத்தனை பெட்டியில், இத்தனை எண்ணம் வருகிறது' என்று சரக்குக்கு முன்னால் போகும் ஓலை. கஸ்டமரின் ரிசீவிங் கவுண்டர் அதைப் பார்த்துத்தான் இறக்கும் இடம் ஒதுக்குகிறது. லேபிளை ஸ்கேன் பண்ணினால் உடனே ரசீது விழுவதும், லைனுக்கு எப்போது தீரும் என்று கணக்குப் போடுவதும் அதை வைத்துத்தான். ஏஎஸ்என் இல்லையென்றால் யாராவது உட்கார்ந்து உங்கள் பில்லைப் பார்த்து ஒவ்வொரு வரியாக அடிக்க வேண்டும். அதனால்தான் கேட்டிலேயே 'ஏஎஸ்என் எல்லி?' (எங்கே?) என்று வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார்கள்.

வரிசை இதுதான்: பேக் பண்ணி எண்ணி முடி, பெட்டி லேபிள் ஒட்டு, இன்வாய்ஸ் போடு, கஸ்டமரின் இணையதளமான போர்ட்டலில் ஏஎஸ்என் ஏற்று, அதன் நம்பரைப் பிரிண்ட் எடுத்து டிரைவர் கையில் கொடு, பிறகு இ-வே பில்லில் வண்டி நம்பர். இதில் அதிகம் தப்புவது முதல் படி. 500 போகும் என்று நினைத்து காலையிலேயே ஏஎஸ்என் போட்டுவிடுவார்கள், சாயங்காலம் 480தான் தேறும். ஏஎஸ்என் 500, இன்வாய்ஸ் 500, பெட்டியில் 480. குறைந்த 20-க்கு டெபிட் நோட் வரும், மொத்த பில்லும் அதோடு சேர்ந்து தொங்கும். ஏன் தொங்குகிறது என்பதைப் பணம் பற்றிய கேள்வியில் சொல்கிறோம்.

எம்ஆர்பின்னு ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா அது என்ன செய்யும்?

விலையில் வரும் எம்ஆர்பி இல்லை இது, மூலப்பொருள் தேவைக் கணக்கு. ஒரு உதாரணம். அடுத்த வாரம் 1200 அசெம்பிளி போக வேண்டும். கையில் 300, ஏற்கெனவே லைனில் ஓடிக்கொண்டிருப்பது 200. நிகரத் தேவை 700. நூற்றுக்கு 2 கழிவு என்றால் 700-ஐ 0.98-ஆல் வகுத்து 715. பேட்ச் 250 என்றால் 750 போட வேண்டும். ஒரு அசெம்பிளிக்கு இரண்டு நட் என்றால் 1500 நட். கையில் உள்ளதைக் கழித்து, நட் வர நான்கு நாள் ஆகும் என்றால், வெல்டிங் தொடங்கும் நாளிலிருந்து நான்கு நாள் முன்னால் ஆர்டர் தேதி போடும். இதையே எல்லாப் பார்ட்டுக்கும் ஒரே மூச்சில் செய்கிறது. அவ்வளவுதான் அந்தப் பட்டன்.

இதற்கு மூன்று தீனி வேண்டும்: கஸ்டமர் ஷெட்யூல், பொருள் பட்டியல் எனும் பிஓஎம், ஸ்டாக். மூன்றில் ஒன்று பொய்யானாலும் விடை பொய்.

சிஸ்டத்துல தகடு 300 கிலோ இருக்கு, தரையில ஒரு துண்டு இல்ல. யாரோ திருடறாங்களா?

திருட்டைச் சந்தேகிக்கும் முன் பிஓஎம்மைப் பாருங்கள். 1250-க்கு 2500 மில்லிமீட்டர், 3 மில்லி கனத் தகடு ஒன்று 73.6 கிலோ. அதிலிருந்து 38 பிளாங்க் (ஒரு பீஸுக்கான துண்டு) வெட்டுகிறீர்கள் என்றால் ஒரு பிளாங்க் தின்பது 1.937 கிலோ. ஆனால் முடிந்த பீஸை எடை போட்டால் 1.6 கிலோதான். பலர் பிஓஎம்மில் போடுவது அந்த 1.6-ஐ. ஆயிரம் பீஸ் முடிந்ததும் சிஸ்டம் 1600 கிலோவைக் கழிக்கும், நிஜத்தில் போனது 1937 கிலோ. மிச்சம் 337 கிலோ ஸ்கிராப் தொட்டியில் கிடக்கிறது, சிஸ்டத்தில் நல்ல தகடாக நிற்கிறது. பிஓஎம்மில் மொத்த எடையைப் போடுங்கள், ஸ்கிராப்பைத் தனிப் பொருளாக உள்ளே எடுங்கள்.

அடுத்த காரணம் ரிஜெக்ஷனை எழுதாமல் விடுவது. பத்து பீஸ் கெட்டால் பத்து பீஸுக்கான தகடும் போயிற்று, சிஸ்டத்துக்குச் சொல்ல ஆளில்லை. மூன்றாவது, ராத்திரி ஷிஃப்ட் சாமானை எடுத்துவிட்டுக் காலையில் சீட்டு எழுதுவது.

வருடக் கடைசியில் ஒரு தடவை எண்ணுவதைவிட, தினம் பத்து பொருள் எண்ணுவது மேல். விலையும் ஓட்டமும் அதிகமுள்ளதை மாதம் ஒரு தடவை, நடுத்தரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வாஷர் வகையறாவை வருடம் ஒரு தடவை. வித்தியாசம் வந்தால் எண்ணை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள். காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள், மூன்று மாதத்தில் அந்தப் பத்தியே நோயைக் காட்டிக்கொடுக்கும்.

ரீஆர்டர் லெவல் என்ன போடறது? சும்மா ஒரு நம்பர் போட்டு வெச்சிருக்கோம்.

வெல்டிங் கம்பியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சராசரி 30 கிலோ, ஆர்டர் போட்டால் வர 9 நாள். 270 கிலோ அடிப்படை. தினச் செலவு ஏறி இறங்குவதன் திட்ட விலக்கம் 6 கிலோ என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை தட்டுப்பாடு வராமல் இருக்க, அதற்கான புள்ளியியல் எண் 1.65 பெருக்கல் 6 பெருக்கல் 9-இன் வர்க்கமூலமான 3, அதாவது 30 கிலோ. மொத்தம் 300 கிலோ, 15 கிலோ ஸ்பூல் இருபது.

இந்தக் கணக்கு சப்ளையர் சரியாக 9 நாளில் வருவார் என்று நம்புகிறது. அவர் சில தடவை 14 நாள் எடுப்பவர் என்றால் அந்த ஐந்து நாளுக்கு இன்னும் 150 கிலோ கையில் வேண்டும். செலவு ஏற்ற இறக்கத்துக்கு 30 கிலோ, சப்ளையரின் வாக்குத் தவறலுக்கு 150 கிலோ. பணம் எங்கே முடங்குகிறது என்று இதிலேயே தெரியும். ஆகவே பிஓ தேதியையும் சரக்கு உள்ளே வந்த ஜிஆர்என் தேதியையும் ஒழுங்காகப் பதியுங்கள். நிஜ லீட் டைம் அந்த இரண்டின் வித்தியாசம், சப்ளையர் போனில் சொல்வது இல்லை.

ஒரு வாரம் 'ஓவர்டைம் போடு'ங்கறாங்க, அடுத்த வாரம் 'நிறுத்து'ங்கறாங்க. கஸ்டமருக்கே புத்தி பேதலிச்சுதா?

இல்லை, சங்கிலியின் குணமே அது. சாட்டையைச் சொடுக்கினால் கைப்பிடி கொஞ்சம்தான் அசையும், நுனி ஆளையே அடிக்கும். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி பாம்பர்ஸ் விற்பனையில் கண்டதும் இதுதான்: குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைத்தன, கம்பெனிக்கு வந்த ஆர்டர் மட்டும் எகிறிக் குதித்தது.

கணக்காகப் பார்க்கலாம். கடைக்காரர், மொத்த வியாபாரி, நீங்கள், மூவரும் இரண்டு வார ஸ்டாக் வைக்கும் பழக்கம். வாரம் 100 விற்றுக்கொண்டிருந்தது, எல்லோரிடமும் 200 ஸ்டாக். இந்த வாரம் விற்பனை 110. கடைக்காரர் 110 நிரப்பி, ஸ்டாக்கை 220 ஆக்க இன்னும் 20 சேர்த்து 130 கேட்பார். மொத்த வியாபாரிக்குத் தெரிவது 130 மட்டுமே. அவர் 260 ஸ்டாக் வேண்டும் என்று 60 சேர்த்து 190 கேட்பார். நீங்கள் 380 ஸ்டாக் இலக்கு வைத்து 190-உடன் 180 சேர்த்து 370 உற்பத்தி செய்வீர்கள். கடையில் ஏறியது பத்து, உங்கள் பட்டறையில் ஏறியது 270.

அடுத்த வாரமும் விற்பனை அதே 110. கடைக்காரர் 110 கேட்பார். வியாபாரி தன்னிடம் 40 அதிகம் என்று 70தான் கேட்பார். உங்களுக்கு இப்போது 140 ஸ்டாக் போதும், கையில் 380. உற்பத்தி பூஜ்யம். யாரும் தப்புச் செய்யவில்லை, ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரின் ஆர்டரை மட்டும் பார்த்தார்கள். கடையின் 110 உங்களுக்கு நேராகத் தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது. பல கம்பெனிகளுக்கு நடுவே தகவல் அமைப்பு எதற்கு என்றால், முதல் பதில் இதுதான். போர்ட்டலில் வரும் ஷெட்யூலில் உறுதி எத்தனை வாரம், உத்தேசம் எத்தனை வாரம் என்று கேட்டு வாங்குங்கள். தகடு வாங்க உத்தேசத்தைப் பாருங்கள், வெட்ட உறுதியை மட்டும் பாருங்கள்.

பொம்மசந்திராவுல இருந்து ஓசூர் இருபது கிலோமீட்டர்கூட இல்ல. இதுக்கும் இ-வே பில்லா?

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், அத்திப்பள்ளி எல்லையைப் பாருங்கள். மாநிலம் மாறினால், வரியோடு சேர்த்து மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றாலே வேண்டும். 'வரியோடு' என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: 45,000 ரூபாய் சரக்கு, 18 சதவீத வரி சேர்ந்தால் 53,100. ஜாப் வொர்க்குக்கு அனுப்பும்போது இன்னும் கடுமை. உரிமையாளர் ஒரு மாநிலம், ஜாப் வொர்க்கர் இன்னொரு மாநிலம் என்றால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஓசூர் பிளேட்டிங்காரருக்கு 8,000 ரூபாய் சரக்கை டிசி எனும் டெலிவரி சலான் மட்டும் போட்டு ஆட்டோவில் அனுப்புவது இதில்தான் மாட்டும்.

'50 கிலோமீட்டருக்குள் வேண்டாம்' என்று காதில் விழுந்தது வேறு விதி: ஒரே மாநிலத்துக்குள், உங்கள் இடத்திலிருந்து டிரான்ஸ்போர்ட்டர் இடம் வரை 50 கிலோமீட்டருக்குள் என்றால் பி பகுதியில் வண்டி நம்பர் போடாமல் விடலாம். பில்லே வேண்டாம் என்று அர்த்தமில்லை.

சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. வண்டி வழியில் நின்று சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் பி பகுதியைப் புதுப்பித்த பிறகே நகர வேண்டும். பிடிபட்டால் வரியின் இரு மடங்கு அபராதம் கட்டித்தான் சரக்கை மீட்க வேண்டி வரும்.

இ-இன்வாய்ஸ்ல அளவு தப்பாப் போச்சு. திருத்தலாமா?

திருத்த முடியாது. இன்வாய்ஸை அரசுத் தளத்தில் ஏற்றினால் கிடைக்கும் ஐஆர்என் நம்பர் வாங்கி 24 மணி நேரத்துக்குள் என்றால் ரத்து செய்யலாம், அதற்கு முன் அதன்மேல் உள்ள இ-வே பில்லை ரத்து செய்ய வேண்டும். அதே இன்வாய்ஸ் நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி தாண்டிவிட்டால் கிரெடிட் நோட்தான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். 2017-18 முதல் ஏதாவது ஒரு வருடம் தாண்டியிருந்தாலும் போதும், போன வருடம் குறைந்துவிட்டது என்று தப்பிக்க முடியாது.

ஜாப் வொர்க்குக்குப் போன சரக்கை எப்படிக் கணக்கு வெக்கறது?

ஒவ்வொரு ஜாப் வொர்க்கரையும் சிஸ்டத்தில் ஒரு கோடவுனாகத் திறங்கள். டிசி போட்டால் சரக்கு உங்கள் கோடவுனிலிருந்து அவர் கோடவுனுக்கு நகர வேண்டும், மறைந்துவிடக் கூடாது. திரும்பும் டிசியில் எந்த டிசிக்கு எதிராக என்று நம்பர் கேட்டு வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் திரும்பாத மூலப்பொருள், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு வரியும் வட்டியும் வரும். டை, ஜிக், ஃபிக்ஸ்ச்சருக்கு இந்தக் கெடு இல்லை. பத்து மாதம் தாண்டிய டிசிகளைத் தானாகக் காட்டும் ஒரு ரிப்போர்ட் வைத்தால், ஜாப் வொர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம் ஐடிசி-04 போடும் நேரத்தில் ஆடிட்டர் முகம் சுளிக்க மாட்டார்.

ஈடிஐ வேணும்னு ஒரு கஸ்டமர் கேக்கறார். போர்ட்டல் இருக்கும்போது அது எதுக்கு?

போர்ட்டலில் உங்கள் ஆள் உட்கார்ந்து அடிக்கிறார். ஈடிஐயில் உங்கள் மென்பொருளும் அவர் மென்பொருளும் நேராகப் பேசுகின்றன. எக்ஸ்12 எனும் ஈடிஐ முறையில் 850 என்றால் பிஓ, 856 என்றால் ஏஎஸ்என், 810 என்றால் இன்வாய்ஸ். ஒரு நாளைக்குப் பத்து வரி என்றால் போர்ட்டலே போதும். நூற்றுக்கணக்கில் போனால் ஈடிஐயோ, மென்பொருள்களை நேராக இணைக்கும் இன்னொரு வழியான ஏபிஐயோ போடுங்கள். பார்ட் நம்பர் அட்டவணை சுத்தமாக இல்லாமல் போட்டால், தப்பு மட்டும் வேகமாகப் போகும்.

சரக்கு போய் மூணு மாசம் ஆச்சு, 'சிஸ்டத்துல பில் பிளாக்'னு சொல்றாங்க. நிஜமா, சாக்கா?

பாதி நேரம் நிஜம். கஸ்டமர் சிஸ்டம் பிஓ, ஜிஆர்என், இன்வாய்ஸ் மூன்றையும் ஒப்பிடும். அளவோ விலையோ கொடுத்த வரம்புக்கு மேல் விலகினால் பில் தானாக நின்றுவிடும். ஏஎஸ்என் கேள்வியில் சொன்ன 500-க்கும் 480-க்கும் உள்ள தகராறு ஒரு வகை. இன்னொரு வகை விலை: தகடு விலை ஏறியது, கஸ்டமர் மெயிலில் ஒப்புக்கொண்டார், ஆனால் பிஓவில் திருத்தம் ஏறவில்லை. நீங்கள் புது விலையில் பில் போட்டீர்கள். மெயில் சிஸ்டத்துக்குத் தெரியாது. பிஓ திருத்தம் போர்ட்டலில் கண்ணால் பார்க்கும் வரை பழைய விலையில் போட்டு, வித்தியாசத்துக்குப் பிறகு டெபிட் நோட் கொடுப்பது பாதுகாப்பு.

சாக்காக இருந்தால் ஜிஆர்என் தேதிதான் உங்கள் ஆயுதம். உத்யம் எனும் அரசு எம்எஸ்எம்இ பதிவுள்ள குறு, சிறு யூனிட்டுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சரக்கு சேர்ந்த நாளே ஏற்ற நாள். போர்ட்டலில் ஜிஆர்என் விழுந்த பக்கத்தை அன்றே சேமித்துவையுங்கள்.

எங்க ஸ்டாக்கை கஸ்டமர் பாக்கற மாதிரி திறந்து விடச் சொல்றாங்க. விடலாமா?

முடிந்த சரக்கின் எண்ணிக்கையைக் காட்டலாம், மூலப்பொருள் விலையையும் சப்ளையர் பெயரையும் காட்டாதீர்கள். பதிலுக்கு அவருடைய லைன் ஸ்டாக்கும் தினச் செலவும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பக்கக் கண்ணாடி என்றால் லாபம் அவருக்கு மட்டும்: உங்களிடம் 2000 இருப்பது தெரிந்து தன் ஸ்டாக்கைக் குறைத்துக்கொள்வார், முடங்குவது உங்கள் பணம். ரிவிஷன் மாறினால் அந்த 2000-க்கு யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

ஈஆர்பி வாங்கிட்டோம். எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ஈஆர்பி என்பது வாங்குவது, ஸ்டோர், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள். அதில் முதலில் பார்ட் அட்டவணை, அதில் இரட்டைப் பெயர்களை ஒழிப்பது. அடுத்து அலகு விகிதம், பிறகு அதிகம் ஓடும் இருபது பார்ட்டுக்கு மட்டும் பிஓஎம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டை மூடி ஸ்டாக் எண்ணுங்கள். சரக்கு உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. ஜாப் வொர்க்கர் இடத்தில் கிடப்பதையும், பாதி வந்த பிஓக்களையும் சேர்த்து ஏற்றுங்கள். இந்த இரண்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மார்ச் கடைசியிலும் ஆயுத பூஜை வாரத்திலும் தொடங்க வேண்டாம், எண்ண ஆள் கிடைக்க மாட்டார்கள்.

பழைய எக்செல்லை ஒரு மாதம் கூடவே ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்டினால் ஸ்டோர்காரர் எக்செல்லில்தான் நிஜத்தை எழுதுவார், ஈஆர்பியில் சாயங்காலம் மொத்தமாக அடிப்பார். முப்பதாம் நாள் அந்த ஃபைலைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிட்டு, சாமான் எடுக்கும் இடத்திலேயே ஒரு ஸ்கேனரையோ பழைய செல்போனையோ மாட்டிவிடுங்கள்.